விலங்குகளை ஆடவிட்டுப் படம் எடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பேசும் விலங்குகளை வைத்து விளையாட்டுப் படம் எடுக்கும் அனிமேஷன் இயக்குநர்களுக்கும், கதை எழுதுவோருக்கும், அவற்றுக்குப் பணம் போடும் தயாரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

இந்த வகைப் படத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். உருவத்தில் சிறிய, யாரும் மதிக்காத ஒரு விலங்கு, பெரிய விலங்குகள் ஆடும் களத்துக்குள் நுழைகிறது. கேலி செய்கிறார்கள். தோற்கிறது. கடைசி ஆட்டத்தின் கடைசி நொடியில் ஜெயிக்கிறது. கதை பழையது என்று நாங்கள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு அது புதுக் கதைதான். அந்தக் குழந்தை அரங்கிலிருந்து வெளியே வரும்போது "எப்படி ஜெயிச்சாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "நம்பிக்கையோட ஆடுனாங்க" என்பதற்கு மேல் பதில் வராது. எதிரணியிடமும் நம்பிக்கை இருந்ததே! இரண்டு அணியிடமும் இருக்கும் ஒன்று எப்படி வெற்றிக்குக் காரணமாகும்?

அந்த வெற்றியைச் சிறிய விலங்கின் உடலிலிருந்தும் ஆட்டத்தின் விதியிலிருந்தும் எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கதை விவாதத்தின் முதல் வாரத்திலேயே அதை முடிவு செய்துவிட வேண்டும். ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாக வரைந்த படங்கள்) முடிந்து, லேஅவுட்டும் (கேமராவும் பாத்திரங்களும் எங்கே என்ற அமைப்பு) முடிந்து, அனிமேட்டர் கைக்கு ஷாட் வந்து சேர்ந்த பிறகு யாராலும் அதைக் கொண்டுவர முடியாது.

நிஜ ஆடுகளத்தைப் பாருங்கள். என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரின் வரலாற்றிலேயே உயரம் குறைந்த ஆட்டக்காரர் மக்ஸி போக்ஸ். உயரம் 1.60 மீட்டர். 1987 முதல் 2001 வரை 14 பருவங்கள் ஆடினார். முதல் பருவத்தில் அவருடைய அணியிலேயே 2.31 மீட்டர் உயரமுள்ள மனூட் போல் ஆடினார். போக்ஸ் தாக்குப்பிடித்தது அதிர்ஷ்டத்தால் அல்ல. உயரமானவர் பந்தைத் தரையில் தட்டி ஓட்டும்போது அது கையை விட்டுத் தரைக்குப் போய்த் திரும்பி வர நீண்ட தூரம் இருக்கிறது. அந்த நேரம் முழுக்கப் பந்து யார் பிடியிலும் இல்லை. போக்ஸின் கைகள் இருந்த உயரமே அந்த இடைவெளிதான். பந்தைப் பறிப்பதில் அவர் பேர்போனவர் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். அவருடைய சொந்தப் பந்தோ தரையை ஒட்டியே ஓடியது. அதைப் பறிக்க மற்றவர்கள் குனிய வேண்டியிருந்தது.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபோஸ்பரி முதுகைக் கம்பிக்குக் காட்டியபடி 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். உயரம் தாண்டுதலில் ஒரே காலால் உந்தி எழ வேண்டும் என்றுதான் விதி; கம்பியை எப்படிக் கடக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. மணற்குழிக்குப் பதிலாக நுரை மெத்தை வந்துவிட்டதால் முதுகில் விழுந்தாலும் கழுத்துக்கு ஆபத்தில்லை. விதியில் ஓர் இடைவெளி, தளவாடத்தில் ஒரு மாற்றம், அதற்கு ஏற்ற ஓர் உடல் என்று மூன்றும் அங்கே கூடி வந்தன. இதே விதியின்படி கங்காரு உயரம் தாண்டவே முடியாது என்பதையும் கவனியுங்கள். அது இரண்டு பின்னங்காலாலும் ஒன்றாக உந்தித்தான் எழும். ஒவ்வொரு முறையும் ஃபவுல். உலகிலேயே சிறந்த தாண்டுகாரர் விதிப்படி தாண்ட முடியாதவர்! இந்த ஒரு வரியில் ஒரு முழுப் படத்துக்கான முடிச்சு இருக்கிறது. விதிப்புத்தகத்தைப் புரட்டாத கதை விவாதத்தில் இது கிடைக்காது.

எங்களுக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு என்.பி.ஏ. ஆட்டக்காரர் வில்ட் சேம்பர்லின். ஃப்ரீ த்ரோ, அதாவது கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு, அவருக்கு எப்போதும் தலைவலி. 1961-62 பருவத்தில் பந்தை இரண்டு கையாலும் இடுப்புக்குக் கீழிருந்து மேலே வீசும் முறைக்கு மாறினார். 1962 மார்ச் 2 அன்று 100 புள்ளிகள் எடுத்த ஆட்டத்தில் 32 ஃப்ரீ த்ரோக்களில் 28 உள்ளே போயின. அப்புறம் அந்த முறையைக் கைவிட்டார். பார்க்க அசட்டுத்தனமாக இருப்பதாகக் கூச்சம் என்று பின்னாளில் சுயசரிதையில் எழுதினார். 1967-68 பருவத்தில் அவருடைய ஃப்ரீ த்ரோ வெற்றி 38 சதவீதத்துக்கு இறங்கியது. அதே கீழ்வீச்சை விடாமல் கடைப்பிடித்த ரிக் பேரி ஏறக்குறைய 90 சதவீதம் போட்டார்.

இதை விலங்குக்குக் கொண்டுவாருங்கள். ஆட்டுக்கும் குதிரைக்கும் காறை எலும்பு கிடையாது. நாய்க்குப் பெயரளவுக்குத்தான் உண்டு. முன்னங்கால் உடலோடு தசையால் மட்டுமே இணைந்திருக்கிறது. அது முன்னும் பின்னும் நன்றாக வீசும். பக்கவாட்டில் விரிவதும் தலைக்கு மேல் போய்ச் சுழல்வதும் அதற்குக் கடினம். ஆகவே தலைக்கு மேலிருந்து பந்தெறியும் ஆடு, ஆட்டுத்தோல் போர்த்திய மனிதன்தான். கீழிருந்து மேலே வீசும் ஆடு உண்மையான ஆடு. அந்த வீச்சைப் பார்த்துக் களமே சிரிக்கிறது. ஆனால் அதுதான் கூடைக்குள் விழுகிறது. அவமானத்தைச் சகித்துக்கொண்டு தன் உடலுக்கு ஏற்றதைச் செய்வதா, மற்றவர்களைப் போலத் தெரிவதற்காகத் தோற்பதா? எளியவனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான நெருக்கடி வேண்டுமா?

இனி வேலைக்கு வருகிறோம். திரைக்கதையின் முதல் வரைவுக்கு முன்பே இரண்டு ஏடுகள் தயாராக வேண்டும்.

முதலாவது உடல் ஏடு. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு பக்கம் போதும். நின்ற உயரம், எடை, இரண்டு காலில் எவ்வளவு நேரம் நிற்பார், எதனால் பந்தைப் பிடிப்பார், எதைச் செய்யவே முடியாது, கண் எவ்வளவு பரப்பைப் பார்க்கும், களைத்தால் எப்படித் தெரியும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். "செய்ய முடியாதது" என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். கதை பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கும். யானையால் குதிக்க முடியாது. வேகமாகப் போகும்போதும் அதன் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விடுவதில்லை. அப்படியே மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும் என்று 2003-இல் அளந்து காட்டினார்கள். ஆந்தையின் கண்கள் குழிக்குள் சுழலாது. அதனால் தலையை 270 பாகை வரை திருப்பும். யானையைக் குதிக்க வைத்த நொடியில் அதன் எடை போய்விடுகிறது. எடை போனால் அதன் எதிரில் நிற்கும் முயலுக்கு இருந்த ஆபத்தும் போய்விடுகிறது.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஆட்டின் கண்மணி கிடைமட்டமாக நீண்டது. பார்வை 300 பாகைக்கும் மேல். புல் மேயத் தலையைக் குனிந்தாலும் கண்மணி தரைக்கு இணையாகவே இருக்கும்படி கண் சுழன்றுகொள்ளும் என்று 2015-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதற்கு விலையும் உண்டு. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பகுதி முன்னால் குறுகலாக இருப்பதால் தூரத்தைக் கணிப்பது புலிக்கோ சிறுத்தைக்கோ கைவருகிற அளவுக்கு ஆட்டுக்கு வராது. இதை வைத்தே அணியில் யார் எந்த இடம் என்று சொல்லிவிடலாம். ஆடு தலையைத் திருப்பாமலே பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் இருப்பவருக்குப் பாஸ் கொடுக்கும். குறிபார்த்து எறிய வேண்டியவர் முன்நோக்கிய கண்ணுள்ளவர். குழந்தைக்குப் பார்வையின் திசை புரியட்டும் என்று வடிவமைப்பாளர்கள் கண்மணியை வட்டமாக்கிவிடுவார்கள். அது நியாயமான சமரசம்தான். ஆனால் வட்டமாக்கிய கையோடு அந்த அகன்ற பார்வையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

களைப்பு இன்னொரு சுரங்கம். எல்லா விலங்கின் நெற்றியிலும் வியர்வைத் துளி போடுவது சோம்பல். நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும். வியர்வை அதன் பாதத்தில் மட்டுமே. குதிரைக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். யானை காதை விசிறும். முயலும் காது வழியாகவே சூட்டை வெளியேற்றும். கங்காரு முன்கையை நக்கி ஈரமாக்கும். பறவைகள் வாயைத் திறந்து தொண்டையைப் படபடக்க விடும். இடைவேளையில் இந்த அணி பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு ஷாட், வசனம் இல்லாமலே, ஆறு பேரின் நிலையையும் சொல்லிவிடும்.

இரண்டாவது ஏடு விதிப்புத்தகம். நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம். புது விளையாட்டைக் கண்டுபிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. தரை நகரும், வளையம் பறக்கும், காட்சிக்குக் காட்சி விதி மாறும். விளைவு, எது சாதனை எது சாதாரணம் என்று பார்ப்பவருக்குப் பிடிபடுவதே இல்லை. தெரிந்த ஒரு விளையாட்டை எடுத்து, விலங்கு உடலுக்காக இரண்டே மாற்றங்கள் செய்தால் போதும். கடைசி ஆட்டத்தின் முடிவு எந்த விதிகளைச் சார்ந்திருக்கிறதோ அவற்றை, மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, படத்தின் முதல் பாதியிலேயே இரண்டு முறை காட்டிவிடுங்கள்: ஒரு முறை அதனால் யாரோ கெடுவதாக, இன்னொரு முறை அதனால் யாரோ பிழைப்பதாக. பயிற்சியாளர் விளக்கிச் சொன்னால் அது பதியாது. விசில் ஊதப்பட்டு ஒரு புள்ளி பறிபோனால் பதியும்.

கூடைப்பந்தையே எடுத்துக்கொள்வோம். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கியின் தலை அதற்கும் மேலே. அது கூடைக்கு அருகே நின்றுகொண்டு வரும் பந்தையெல்லாம் தட்டிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. மனிதர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. உயரமான ஆட்டக்காரர்கள் கூடையை நோக்கி இறங்கும் பந்தைத் தட்டிக்கொண்டே இருந்ததால், அப்படித் தொடக் கூடாது என்று அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 1944-இல் தடை வந்தது. இன்று எல்லா இடத்திலும் அது விதி. ஆகவே உங்கள் ஒட்டகச்சிவிங்கிக்கு எதிராகச் சிறிய விலங்கிடம் இருக்கும் ஆயுதம் உயர வளைந்து போகும் பந்து. மேலே ஏறும் வரை அது அடிக்கப்படலாம். இறங்கத் தொடங்கிய பிறகு யாரும் தொட முடியாது.

இதைக் கணக்காகவே தருகிறோம். அனிமேட்டருக்கு நேரடியாகப் பயன்படும். பந்தின் விட்டம் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர், வளையத்தின் விட்டம் 45. தரைமட்டத்திலிருந்து 32 பாகைக்குக் குறைவான சாய்வில் வந்தால் பந்து விளிம்பில் படாமல் உள்ளே போக இடமே இல்லை. 40 பாகைச் சாய்வில் உள்ளே விழ வேண்டும் என்று வைப்போம். வளையத்தின் நடுவிலிருந்து 4.2 மீட்டர் தள்ளி நிற்பவர், அதாவது ஃப்ரீ த்ரோ கோட்டுத் தொலைவில் நிற்பவர், பந்தை 2.1 மீட்டர் உயரத்தில் விடுகிறார் என்றால் 52 பாகையில், நொடிக்கு 7.2 மீட்டர் வேகத்தில் எறிய வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம் (தனிப்படம்) என்ற கணக்கில் பந்து 23 ஃபிரேமில் போய்ச் சேரும். தரையிலிருந்து அரை மீட்டரில் பந்தை விடும் சிறிய விலங்குக்கோ 64 பாகையும் 8.6 மீட்டர் வேகமும் தேவை. பந்துக்குத் தர வேண்டிய ஆற்றல் 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதல். பந்து 27 ஃபிரேம் காற்றில் இருக்கும், ஏறக்குறைய 3.6 மீட்டர் உயரம் தொடும். அதில் முதல் 19 ஃபிரேம் ஏற்றம், கடைசி 8 ஃபிரேம் இறக்கம். அந்த 8 ஃபிரேமும் விதியின் காவலில் இருக்கும் பந்து. பக்கத்தில் நிற்கும் ஒட்டகச்சிவிங்கி கழுத்தை அசைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் உச்சக்காட்சி அந்த மூன்றில் ஒரு பங்கு நொடியில் இருக்கிறது. அதை நீட்டிக் காட்டுங்கள், நியாயமாக இருக்கும். காற்று ஊதிப் பந்தைத் திருப்பாதீர்கள்.

எடையும் அளவும் நேரத்தில்தான் தெரியும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு மீட்டர் உயரக் குதிப்புக்கு ஏறி இறங்க 22 ஃபிரேம் ஆகும். அந்த நேரத்தில் பாதி, உயரத்தின் மேல் கால்பகுதியிலேயே கழியும். அதனால்தான் நல்ல தாண்டுகாரர் காற்றில் நிற்பதுபோலத் தோன்றுகிறார். 20 சென்டிமீட்டர் குதிக்கும் சுண்டெலிக்கு 10 ஃபிரேமுக்கு மேல் கொடுத்தால் அது நிலவில் குதிப்பதுபோல மிதக்கும். மனிதர்களைப் படம்பிடித்து எடுத்த அசைவைச் சிறிய உருவத்தின் மேல் அப்படியே ஏற்றும்போது நடக்கும் தவறு இதுதான். ஓட்டத்திலும் அப்படியே. 1974-இல் சுண்டெலி முதல் குதிரை வரை அளந்தபோது, பாய்ச்சலில் சுண்டெலியின் கால் சுழற்சி நொடிக்கு ஏழெட்டு முறை, குதிரையினுடையது இரண்டு சொச்சம் என்று தெரிந்தது. சுண்டெலியின் ஒரு சுழற்சிக்கு மூன்று ஃபிரேம்தான் கிடைக்கும். கண்ணுக்குக் கால் நடுங்குவதாகத்தான் படும். ஆறு ஃபிரேமுக்கு நீட்டி, கால்களுக்கு மட்டும் அசைவு மங்கலை (வேகத்தில் உருவம் இழுபட்டுத் தெரிவதை) கூட்டினால் வேகமும் தெரியும், காலும் தெரியும். குதிரையைக் குதிரையின் வேகத்திலேயே விட்டுவிடலாம். இரண்டும் ஒரே ஷாட்டில் ஓடும்போது தாளங்கள் வேறுபட்டால்தான் உருவ வித்தியாசம் உடம்பில் உறைக்கும்.

ஒரு விலங்கின் ஓட்டச் சுழற்சியை இன்னொன்றுக்கு நகலெடுப்பதும் நிறுத்தப்பட வேண்டியது. குதிரை பாயும்போது நான்கு காலும் வயிற்றுக்கடியில் கூடும் கட்டத்தில்தான் தரையை விடுகிறது. 1878-இல் புகைப்படக் கலைஞர் மைப்ரிட்ஜ் எடுத்த வரிசைப் படங்கள் அதைத் தெளிவாக்கின. அதுவரை ஓவியர்கள் கால்களை முன்னும் பின்னும் விரித்துப் பறக்க வைத்தார்கள். சிவிங்கிப்புலிக்கோ (சீட்டா) ஒரு சுழற்சியில் இரண்டு பறத்தல்: கால்கள் கூடும்போது ஒன்று, முதுகெலும்பு நீண்டு விரியும்போது ஒன்று. சிவிங்கிப்புலியின் சுழற்சியைக் குதிரைக்குப் போட்டால் முதுகு ரப்பராகத் தெரியும். சாதாரண நடையிலும் கவனம் வேண்டும். இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்பதே பெரும்பாலான நாலுகால் விலங்குகளின் வரிசை. அருங்காட்சியகப் பதப்படுத்தல்களிலும் பொம்மைகளிலும் இதில் ஏறக்குறைய பாதி தவறு என்று 2009-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே பொம்மையைப் பார்த்து அனிமேட் செய்ய வேண்டாம். நாயின் பின்காலில் பின்னோக்கி மடங்குவதை முழங்கால் என்று நினைத்து ரிக் (பாத்திரத்தை அசைக்க உள்ளே வைக்கும் எலும்புக்கூடு) செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது குதிகால். முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது.

இரண்டு காலா நான்கு காலா என்ற முடிவை ரிக் வேலை தொடங்குமுன் எடுத்துவிடுங்கள். பேசும்போது இரண்டு காலில் நின்று, ஆட்டம் சூடேறும்போது நான்கு காலில் இறங்கும் முறை எங்களுக்கு மிகவும் பிடிக்கும். இறங்கும் அந்தக் கணமே "இனி விளையாட்டு இல்லை, நிஜம்" என்று சொல்லிவிடுகிறது. ஆனால் இடுப்பும் தோள்பட்டையும் இரண்டு நிலைக்கும் வேலை செய்யும் ரிக் வேண்டும், செலவு கூடும். சட்டை நான்கு காலில் வயிற்றுக்குக் கீழே தொங்கும். வாலுக்குத் துளை விட்ட அரைக்கால்சட்டை மேலேறிச் சிக்கும். நெஞ்சில் போட்ட எண் தரையைப் பார்க்கும். ஆகவே எண்ணை முதுகிலும் விலாவிலும் போடுங்கள். ரோமத்தில் ஏற்கெனவே வரியும் புள்ளியும் இருப்பவருக்குச் சீருடையில் பெரிய ஒற்றை நிறம் கொடுங்கள். இரண்டு அணியையும் சிவப்பு, பச்சை என்று பிரிக்காதீர்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத குழந்தைகள் ஒவ்வொரு அரங்கிலும் இருப்பார்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால்கூட எந்த அணி எது என்று தெரிய வேண்டும்.

ஆட்டத்தைப் படமாக்கும் முறையில் ஒன்றே ஒன்றை வற்புறுத்துகிறோம். கேமரா களத்தின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். நம் அணி இடமிருந்து வலமாகத் தாக்கினால் அந்தப் பாதி முழுக்க அப்படியே. இடைவேளைக்குப் பின் பக்கம் மாறுவதை அகன்ற ஷாட் ஒன்றில் தெளிவாகக் காட்டிவிடுங்கள். பறந்து சுழலும் மெய்நிகர் கேமரா சும்மா கிடைக்கிறது என்பதற்காக ஒவ்வொரு பாஸுக்கும் அந்தப் பக்கத்தைப் பிரிக்கும் கற்பனைக் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனால், எந்தப் பக்கம் கூடை என்றே தெரியாமல் குழந்தை முகங்களை மட்டும் பார்க்கத் தொடங்கும். அதன் பிறகு புள்ளி விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன?

கடிகாரமும் பொய் சொல்லக் கூடாது. மூன்று நொடி மீதி என்று காட்டிவிட்டு நாற்பது நொடி உரையாடல் ஓடுவதைக் குழந்தைகள் கண்டுபிடிக்கிறார்கள். பேச்சு வேண்டும் என்றால் டைம் அவுட்டில் வையுங்கள். சர்வதேசக் கூடைப்பந்தில் அதற்கு ஒரு நிமிடம் இருக்கிறது. நல்ல பேச்சுக்கு அது தாராளம். அந்தப் பேச்சிலும் மனவலிமையைப் பற்றிய வரிகளைக் குறைத்து, "அவர் இடப்பக்கம் திரும்ப நேரம் எடுக்கிறார், அங்கே போ" என்பதுபோல ஒரு வேலையைக் கொடுங்கள். நல்ல பயிற்சியாளர் அப்படித்தான் பேசுவார். வர்ணனையாளர்களைப் பற்றிச் சுருக்கமாக: திரையில் தெரிவதை அவர்கள் திரும்பச் சொல்ல வேண்டாம்.

வாயசைவு பற்றி, பிற மொழியில் இந்தப் படங்களைப் பார்ப்பவர்கள் சார்பாக ஒரு வேண்டுகோள். டப்பிங்கில் ப, ம போன்ற உதடு மூடும் ஒலிகள்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். நீண்ட மூஞ்சியில் உதடு மூடுவது இன்னும் பெரிதாகத் தெரியும். அலகுள்ள பாத்திரத்துக்கு அந்தத் தொல்லை குறைவு. உயிர்நாடியான கட்டளைகளை மிக நெருக்கமான முகஷாட்டில் வைக்காமல், பின்தலையிலிருந்தோ தூரத்திலிருந்தோ கத்துவதாக வைத்தால் எந்த மொழியிலும் உயிரோடு ஒலிக்கும். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். "ஓடு" என்ற சொல் வருமுன்பே கேட்பவர் ஓடிவிட்டால் காட்சி குழம்பும். கேட்பவரின் எதிர்வினைக்கு முன்னால் ஆறேழு ஃபிரேம் மூச்சு விடுங்கள்.

காயம் பற்றி எங்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாத கருத்து உண்டு. தலையில் அடிபட்டு, கண் சுழன்று, தள்ளாடி எழுந்து, "நான் ஆடுவேன்" என்று களத்துக்குத் திரும்பும் நாயகன் வேண்டாம். நிஜத்தில் மூளை அதிர்வு இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரரை வெளியே எடுத்துவிட வேண்டும். அதே நாளில் திரும்ப இறக்கக் கூடாது. அதிர்ந்த மூளை தேறுமுன் விழும் இரண்டாவது அடி உயிரையே வாங்கலாம். பள்ளி மைதானத்தில் அடிபட்ட குழந்தைகள் அதைப் பயிற்சியாளரிடம் மறைப்பதற்குத் திரைநாயகர்களும் ஒரு காரணம் என்றே நாங்கள் நம்புகிறோம். உங்கள் நாயகனை வெளியே உட்கார வையுங்கள். அவன் இல்லாமல் அணி எப்படிச் சமாளிக்கிறது என்று காட்டுங்கள். மாற்று ஆட்டக்காரராக இத்தனை நேரம் தண்ணீர் பாட்டில் சுமந்த ஒருவர் எழுந்திருக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கணுக்கால் சுளுக்கோடு ஆடுவதையும் வீரமாக்க வேண்டாம். குண்டான விலங்கைச் சிரிப்பதற்கென்றே கோல்கீப்பராக நிறுத்துவதும் போதும்.

ஊனுண்ணியும் தாவர உண்ணியும் ஒரே அணியில் இருந்தால், இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்று குழந்தை கட்டாயம் கேட்கும். ஒரு பதிலை முடிவு செய்து, ஒரு காட்சியில் ஓரமாகக் காட்டிவிட்டு நகருங்கள். அதை மறந்துவிட்டு, பின்பாதியில் திடீரென்று புலி தன் நண்பனைப் பார்த்து நாக்கைச் சுழற்றும் நகைச்சுவை வைத்தால், அதுவரை கட்டிய தோழமை முழுவதும் ஆட்டம் கண்டுவிடும்.

எல்லாம் முடிந்து அனிமேட்டிக் (ஸ்டோரிபோர்டு படங்களை நேரக்கணக்கோடு ஓட்டிப் பார்க்கும் முன்வடிவம்) தயாரானதும் ஒரு சோதனை செய்யுங்கள். கடைசி ஆட்டத்தை மட்டும், ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு, கதை தெரியாத பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்குக் காட்டுங்கள். நடுவே இரண்டு இடங்களில் நிறுத்தி யார் முன்னிலையில் இருக்கிறார்கள், எந்தப் பக்கம் யாருடைய கூடை என்று கேளுங்கள். முடிந்ததும் எப்படி ஜெயித்தார்கள் என்று கேளுங்கள். முதல் இரண்டுக்குப் பதில் வராவிட்டால் கோளாறு லேஅவுட்டில். கேமரா கோட்டையும் சீருடை நிறத்தையும் பாருங்கள். மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் கோளாறு கதையில். அப்போது இசையைக் கூட்டியோ இன்னொரு உருக்கமான வசனம் சேர்த்தோ சரிசெய்ய முயலாதீர்கள். உடல் ஏட்டுக்குத் திரும்புங்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். இந்தக் கட்டத்தில் திருத்த ஆகும் செலவு, ரோமமும் ஒளியும் சேர்த்து முடித்த ஷாட்டைத் தூக்கியெறிவதில் ஒரு சிறு பங்குதான். தயாரிப்பாளர்கள் அந்த இரண்டு மூன்று வாரத்தை அட்டவணையிலேயே ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அனிமேஷன் மேசையிலும் பயிற்சிக் களத்திலும் வேலை செய்கிறவர்கள் சிலர்